தலை திரும்பிய குட்டி

அடையாற்றின் இரு கரைகளிலும் இன்று அடுக்குமாடி வீடுகளையே காணும் மாணவ நண்பர்களுக்கு, அங்கே செம்மறியாடுகள் மேய்ந்தன என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ஆனால் இந்நகரின் பழைய பெயரையே தாங்கிய செம்மறி இனம் ஒன்று உண்டு. 'மெட்ராஸ் சிவப்பு' என்பது அதன் பெயர். சென்னையும் அதனை அடுத்த திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு வட்டாரங்களும் அதன் தாயகம். செந்நிறமும் தொங்கு காதும் உடைய அந்த ஆட்டை வளர்ப்பது கம்பளிக்காக அன்று, இறைச்சிக்காக. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1903-ஆம் ஆண்டில் பக்கத்துச் சைதாப்பேட்டையில்தான் தொடங்கியது. பின்னரே வேப்பேரிக்குச் சென்றது. அங்கே நான் இறுதியாண்டு மாணவனாக இருந்தபோது, கோட்டூர்ப் பக்கம் ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

குடிசைக்குரிய பாட்டிக்கு நான்கு ஆடுகள். குட்டி விற்ற பணத்தில்தான் பேரனின் பள்ளிச் செலவு நடந்து வந்தது. அன்று காலை ஒரு தலையீற்று ஆடு படுத்தபடி முக்கிக்கொண்டிருந்தது. "பனிக்குடம் உடைந்து வெகு நேரமாச்சு தம்பி, இரண்டு கால் தெரிகிறது, குட்டி மட்டும் வரவில்லை" என்றார் பாட்டி. அண்டை வீட்டார் ஒருவர் காலைப் பிடித்து இழுத்தும் பார்த்துவிட்டார்.

செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். இயல்பான ஈற்றில் முன்னங்கால்கள் இரண்டும் முதலில் தோன்றும். அவற்றின்மேல் மூக்கு படிந்திருக்கும். நீரில் பாய்பவன் கைகளை நீட்டி அவற்றிடையே தலையை வைத்துக்கொள்வதைப் போன்ற நிலை அது. ஒரு மணி நேரம் முக்கியும் முன்னேற்றமில்லை என்றால் உதவி தேவை என்று கொள்ளலாம். இங்கே கால்கள் இருந்தன, மூக்கைக் காணோம்.

முதலில், அவை முன்னங்கால்கள்தாமா என்று அறிய வேண்டும். குளம்பிலிருந்து மேலே தடவிச் செல்லும்போது, முதலிரண்டு மூட்டுகளும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால். எதிர்ப்பக்கங்களில் மடங்கினால் பின்னங்கால். இவை முன்னங்கால்களே. அப்படியானால் தலை பின்னோக்கித் திரும்பியிருக்கிறது. இந்நிலையில் இழுக்க இழுக்கக் கழுத்து மேலும் மடங்கும், கருப்பையும் கிழியலாம்.

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் மாட்டுவண்டி குறுக்கே சிக்கிக்கொண்டால் என்ன செய்வார்கள்? அகன்ற தெருவுக்குப் பின்னே தள்ளி, நேராக்கி, மறுபடி உள்ளே விடுவார்கள். இடுப்பெலும்பின் வழி அந்தச் சந்து. கருப்பை அந்தத் தெரு. வெளியே கொண்டுவர வேண்டிய குட்டியை முதலில் உள்ளே தள்ள வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும், பாட்டியும் "ஐயோ!" என்று என் கையைப் பிடித்துவிட்டார்.

நகத்தை வெட்டி, முழங்கை வரை சோப்பும் வெந்நீரும் இட்டுக் கழுவினேன். (இன்று கையுறையின்றி இதைச் செய்யலாகாது. கருச்சிதைவை உண்டாக்கும் சில கிருமிகள் ஆட்டிலிருந்து மனிதரையும் பற்றும். கருவுற்ற பெண்கள் ஈனும் ஆட்டின் அருகே செல்லவே கூடாது.) கால்களை இழந்துவிடாதபடி இரண்டிலும் கொதிநீரில் இட்ட பருத்திக் கயிற்றைக் கட்டினேன். பேரன் ஆட்டின் பின்புறத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்தான். ஆடு முக்கும்போது கையை அசைக்காமல் காத்திருந்து, முக்கல் அடங்கியதும் குட்டியின் மார்பில் கைவைத்துத் தள்ளினேன். தாடை விரலுக்கு எட்டியது. பற்கள் கருப்பையைக் கீறாதவாறு மூக்கை உள்ளங்கையில் பொதிந்து தலையை வளைத்துக் கொண்டுவந்தேன். அதன்பின் முக்கலோடு சேர்ந்து, கீழ்நோக்கி மெல்ல இழுக்க, குட்டி வந்துவிட்டது.

மூச்சு இல்லை. மூக்கின் கோழையை வழித்து, வைக்கோல் துரும்பால் நாசியைச் சீண்டி, கோணித் துணியால் தேய்த்தபோது ஒரு தும்மல் கேட்டது. உள்ளே இன்னொரு குட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, தொப்புள்கொடியில் அயோடின் தடவினேன்.

வேலை முடிந்தது என்று எழுந்தேன். முடியவில்லை. களைத்துப்போன தாய் குட்டியை நக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மணத்தாலேயே தாய் தன் குட்டியை அறிகிறது. ஈன்ற முதற்சில மணி நேரத்தில் அந்த அறிமுகம் நேராவிட்டால் பிறகு அரிது. ஆகவே குட்டியை அதன் மூக்கருகே கிடத்தி, பனிநீரைத் தாயின் வாயிலும் தடவினோம். சீம்பாலும் காத்திருக்காது. நோயை எதிர்க்கும் பொருள்கள் ஆட்டில் நஞ்சுக்கொடி வழியே குட்டியைச் சேர்வதில்லை, சீம்பாலில்தான் வருகின்றன. குடல் அவற்றை முழுமையாக ஏற்பதோ ஏறத்தாழ முதல் நாள் மட்டுமே. மடியிலிருந்து கறந்து, சிறிது சிறிதாகப் புகட்டினோம்.

நஞ்சுக்கொடி மாலையில் தானே விழுந்தது. அதை ஒருபோதும் பிடித்து இழுக்கலாகாது. ஆயினும் மூன்றாம் நாள் ஆட்டுக்குக் காய்ச்சல் கண்டது. கருப்பையில் சீழ் பிடித்திருந்தது. மருத்துவர் வந்து ஐந்து நாள் ஊசி போட்டார். அதுவரை பாட்டி சரியாக உறங்கவில்லை.

எட்டாம் நாள் நான் போனபோது ஆடு எழுந்து நின்றது. என்னைக் கண்டதும் குட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, முன்னங்காலால் தரையை ஓங்கித் தட்டியது.