உருகும் பனி, உயரும் கடல்: வகுப்பறைக் கேள்விகளுக்குச் சில விளக்கங்கள்

'துருவப் பகுதிகளில் பனி உருகுவதால் கடல் மட்டம் உயர்கிறது.' புவி வெப்பமயமாதல் பாடத்திலிருந்து மாணவர்கள் பெரும்பாலும் மனத்தில் கொள்வது இந்த ஒரு வரியைத்தான். தேர்வுக்கு இது போதும். ஆனால் மிதத்தல் விதியைப் படித்த ஒரு மாணவி, "டம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் தண்ணீர் வழிவதில்லையே டீச்சர்?" என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் கேட்பது சரியான கேள்வி. அதற்கான விடையிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

இருவகைப் பனி

வடதுருவத்தில் நிலம் இல்லை. ஆர்க்டிக் பெருங்கடலின் மேற்பரப்பு உறைந்து, சில மீட்டர் தடிமனுள்ள கடல் பனியாக மிதக்கிறது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின் மேல் காலங்காலமாகப் பெய்த பனி இறுகி, பல இடங்களில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் தடிமனில் கிடக்கிறது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அண்டார்டிகப் பனி முழுவதும் உருகினால் சுமார் 58 மீட்டர் உயரும். அவ்வாறு முழுமையாக உருகப் பல நூற்றாண்டுகளோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளோ ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைகளிடம் அச்சம் மட்டுமே மிஞ்சும்.

செய்து பார்ப்போம்

இரண்டு கண்ணாடி டம்ளர்கள், ஒரு கல், சில ஐஸ் கட்டிகள் போதும். முதல் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஐஸை மிதக்க விடுங்கள். இரண்டாவதில் கல்லை வைத்து, அதன் தலை வெளியே தெரியுமளவு தண்ணீர் ஊற்றி, ஐஸைக் கல்லின் மேல் வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஐஸ் கரைந்தபின் முதல் டம்ளரில் மட்டம் மாறியிருக்காது, இரண்டாவதில் உயர்ந்திருக்கும். முதலாவது ஆர்க்டிக் கடல், இரண்டாவது கிரீன்லாந்து.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு இரு கூடுதல் செய்திகள் உண்டு. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட அதிகம் என்பதால், மிதக்கும் பனி உருகும்போதும் மட்டம் மிகச் சிறிதளவு உயரும். மேலும், கடல்நீர் வெப்பமடைந்து விரிவடைவதும் கடல்மட்ட உயர்வுக்கு ஒரு பெரிய காரணம்.

அப்படியானால் ஆர்க்டிக் பனி கரைந்தால் நட்டமில்லையா? உண்டு. சுண்ணாம்பு பூசிய மொட்டைமாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதுபோல, வெண்பனி சூரிய ஒளியை எதிரொளிக்கிறது. பனி விலகினால் வெளிப்படும் கருநீலக் கடல் வெப்பத்தை உறிஞ்சுகிறது; அந்த வெப்பம் மேலும் பனியைக் கரைக்கிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறக்குறைய 4 மடங்கு வேகமாக வெப்பமடைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 1980களின் செப்டம்பர் மாதங்களில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்த கடல் பனி, 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சமாகச் சுருங்கியது.

விவாதத்தில் எழும் கேள்விகள்

"அண்டார்டிகாவில் பனி கூடியதாகச் சொன்னார்களே?" 2014இல் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடல் பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது உண்மை. வெப்பமயமாதலை மறுப்போர் இதைச் சான்றாகக் காட்டினர். ஆனால் அது மிதக்கும் பனி. காற்றும் நீரோட்டமும் அதைக் கூட்டும், குறைக்கும். அதே காலத்தில் நிலத்தின் மேலுள்ள பனி எடை குறைந்து வந்ததை, ஈர்ப்பு விசையின் மாற்றத்தை அளக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் காட்டின. 2023 பிப்ரவரியில் கடல் பனியும் சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டராக, அதுவரை செயற்கைக்கோள் பதிவுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்தது.

"பூமி முன்பும் வெப்பமடைந்திருக்கிறதே?" ஆம். அதைச் சொல்லும் சாட்சியே பனிதான். அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்றுக் குமிழ்கள் அடைபட்டுள்ளன. அக்காலம் முழுவதும் கார்பன் டை ஆக்சைடு ஏறியும் இறங்கியும் வந்தாலும் பத்து லட்சத்தில் சுமார் 300 பங்கு என்ற அளவைத் தாண்டவில்லை. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது.

"சூரியன் காரணமாக இருக்கலாமே?" 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஆற்றலை அளந்து வருகின்றன; வெப்ப உயர்வை விளக்கும் அளவுக்கு அது கூடவில்லை. சூரியன் காரணமென்றால் வளிமண்டலம் முழுவதும் வெப்பமடைய வேண்டும். ஆனால் கீழடுக்கு வெப்பமடைய, மீள் அடுக்கு குளிர்ந்து வருகிறது. வெப்பம் கீழேயே தடுத்து நிறுத்தப்படுகிறது என்பதற்கான அடையாளம் இது.

அறிவியலாளர்களிடையே விவாதம் இல்லையா? இருக்கிறது. மனிதச் செயல்களால் பூமி வெப்பமடைகிறது என்பதில் ஐயம் இல்லை என்று ஐ.பி.சி.சி. 2021 அறிக்கை கூறுகிறது. 1901 முதல் 2018 வரை கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்ததையும் அது பதிவு செய்கிறது. இனி எவ்வளவு வேகத்தில் உயரும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. குறிப்பாக, மேற்கு அண்டார்டிகாவின் த்வெய்ட்ஸ் பனியாறு எப்போது, எவ்வளவு விரைவாகச் சரியும் என்பது ஆய்வில் உள்ளது.

எனவே கரும்பலகையில் ஒரு கோடு போட்டு, ஒரு பக்கம் 'அளந்து அறிந்தவை', மறுபக்கம் 'ஆய்வில் உள்ளவை' என்று எழுதுங்கள். மாணவர்கள் கேள்விப்பட்ட ஒவ்வொரு செய்தியையும் எந்தப் பக்கம் எழுதுவது என்று அவர்களே விவாதித்து முடிவு செய்யட்டும். நாளை கைப்பேசியில் வரும் ஒரு செய்தியை நம்புவதா, விடுவதா என்று சோதிக்க இந்தப் பழக்கம் அவர்களுக்கு உதவும்.