சோலார் பம்புசெட் பொருத்த வருபவரிடம் சான்றிதழ் இருக்கிறதா?

நெய்யூரை அடுத்த ஒரு விளைக்குச் சென்ற சித்திரையில் போயிருந்தேன். ஏத்தன் வாழைக்கு உரம் வைப்பது பற்றிப் பேசப் போன இடத்தில், கரிந்து உருகிப்போன ஒரு எம்.சி.பி.யை விவசாயி என் கையில் கொடுத்தார். "இது எப்பிடி சார் எரியும்? புதுசுதான போட்டோம்" என்றார்.

அவருக்கு மூன்று ஏக்கர், தென்னையும் வாழையும். கிணறு உண்டு, மின் இணைப்பு இல்லை. டீசல் எஞ்சினுக்குச் செலவழித்து அலுத்துப்போய், மானியத்தில் 5 எச்.பி. சோலார் பம்புசெட் வாங்கினார். வெளியூர் ஆட்கள் வந்து ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போனார்கள். இரண்டாம் வருடம் பிரேக்கர் பழுதானது. நிறுவனத்துக்குப் போன் செய்து பத்து நாள் காத்திருந்தார். வாழை வாடியது. பக்கத்து ஊர் எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டார். அவர் கடையில் கிடைத்த, வீட்டுக்குப் போடும் எம்.சி.பி. ஒன்றை மாட்டிக் கொடுத்தார். மூன்றாம் நாள் அது தீப்பிடித்தது. பெட்டிக்கு அடியில் காய்ந்த ஓலை எதுவும் கிடக்காததால் பெரிய சேதம் இல்லை.

அந்த எலக்ட்ரீசியன் கைத்தேர்ச்சி இல்லாதவர் அல்ல. பதினைந்து வருடமாக வீட்டு வயரிங் செய்கிறார். அவருக்குத் தெரியாதது டி.சி. மின்சாரம் மட்டும்தான்.

வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சை அணைக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் தானாக அணைந்துவிடும். பேனலில் இருந்து வரும் டி.சி. பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி எழுந்தால் நின்று எரியும். அதனால் டி.சி.க்கென்று தயாரித்த பிரேக்கரைத்தான் போட வேண்டும். மின்னழுத்தமும் சாதாரணமானதல்ல. 5 எச்.பி. பம்புக்கு மத்திய அரசின் விதிப்படி 4,800 வாட் பேனல் தேவை. 335 வாட் பேனல் என்றால் 15. ஒன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம் ஏறத்தாழ 46 வோல்ட். பதினைந்தையும் ஒரே வரிசையாகக் கோர்த்தால் 690 வோல்ட். வீட்டு மின்சாரத்தைப் போல மூன்று மடங்கு. வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்கவும் முடியாது. கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு வேலை பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது.

சான்றிதழ்கள் எவை?

வீட்டு வயரிங்குக்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. ஐ.டி.ஐ. படிக்காதவர்கள்கூட, அனுபவத்தைக் காட்டி மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். சோலாருக்கு இந்த வழி பிற்பாடுதான் வந்தது. 2015-ல் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 'சூர்யமித்ரா' பயிற்சியைத் தொடங்கியது. நடத்தும் பொறுப்பு தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்துக்கு. 50,000 பேரைப் பயிற்றுவிப்பது அப்போதைய இலக்கு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு எலக்ட்ரீசியன், வயர்மேன், ஃபிட்டர் போன்ற பிரிவுகளில் ஐ.டி.ஐ. முடித்தவர்கள் சேரலாம். 600 மணி நேரம், சுமார் 90 நாள், தங்கிப் படிக்க வேண்டும். கட்டணம் இல்லை. முடிவில் பசுமை வேலைகளுக்கான திறன் கவுன்சில் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. நீர் இறைக்கும் சோலார் பம்புகளுக்கென்றே 'வருண்மித்ரா' என்ற மூன்று வாரப் பயிற்சியையும் அதே நிறுவனம் பிற்பாடு கொண்டுவந்தது. நமக்கு அதிகம் பயன்படக்கூடியது அதுதான். நம் பக்கத்தில் அதன் பெயரைக் கேட்டவர்களே குறைவு.

காகிதம் இருந்தால் வேலை தெரியும் என்று ஆகாது என்பார்கள். உண்மைதான். ராஜஸ்தானின் திலோனியாவில் 1972 முதல் இயங்கும் பேர்ஃபுட் காலேஜ் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பாட்டிகளை ஆறு மாதத்தில் சோலார் பொறியாளர்களாக்குகிறது. சான்றிதழ் கொடுப்பதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. சான்றிதழ் கையில் வந்தால் ஊரைவிட்டு நகரத்துக்குப் போய்விடுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பாட்டி அதே ஊரில் இருக்கிறார், தப்பு செய்தால் மறுநாள் வாசலில் போய்க் கேட்கலாம். நமக்கு வருகிறவர்கள் ஒரு நாள் வந்து போகிறவர்கள். முகம் தெரியாத இடத்தில் காகிதத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

வடக்கையும் பாருங்கள்

சான்றிதழ் பெற்றவருக்கும் நம் ஊரைப் பற்றிச் சில விஷயங்களை நாம்தான் சொல்லித் தர வேண்டும். "தெற்குப் பக்கம் மறைப்பு இல்லாமல் இருந்தால் போதும்" என்பது வட இந்தியாவுக்குச் சரி. நெய்யூர் சுமார் 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்கே நிற்கும் 15 மீட்டர் தென்னை, ஜூனில் நடுப்பகலில் 4 மீட்டர் தூரம் தெற்கே நிழல் போடும். டிசம்பரில் தெற்கே நிற்கும் தென்னை 9 மீட்டர் வடக்கே போடும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீளும்.

ஓர் ஓலை நிழல்தானே என்று விட்டுவிட முடியாது. வரிசையாகக் கோர்த்த பேனல்கள் ஒரே குழாய் மாதிரி. ஹோஸை ஓரிடத்தில் மிதித்தால் தண்ணீர் முழுவதும் குறைகிறதல்லவா? பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டையோடு ஓரளவு காப்பாற்றும், முழுக்க அல்ல. நான் பார்த்த விளையில் கடைசி இரண்டு பேனல்கள் காலை பத்து மணி வரை ஓலை நிழலில் இருந்தன. "மேகம்னு நினைச்சோம்" என்றார் அவர்.

கடற்காற்று அடுத்தது. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் கால்வனைஸ் செய்யாத போல்ட் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பேனல் தாங்கும் சட்டம் மணிக்கு 150 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்று விதி சொல்கிறது. செஞ்சரல் மண்ணில் ஒன்றரை அடிக் குழி தோண்டிக் கான்கிரீட் ஊற்றினால் அந்த விதிக்கு அர்த்தமில்லை. சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி உண்டு. எர்த் கம்பி சட்டத்தோடு இணைந்திருக்கிறதா, மண்ணில் சும்மா செருகி வைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.

சூர்யமித்ரா பாடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கூரையில் பேனல் போடுவதற்குக் கிடைக்கும் நேரம் கிணற்றுக்குக் கிடைப்பதில்லை. கோடையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று அளக்காமல் பம்பைத் தேர்ந்தெடுத்தால், எந்தச் சான்றிதழும் தண்ணீர் தராது. உயரம் இரண்டு மடங்கானால் அதே பேனல் ஏறத்தாழ பாதித் தண்ணீரைத்தான் இறைக்கும். மாசி, பங்குனியில் கயிறு விட்டு அளந்த கணக்கை விவசாயியே எழுதி வைத்திருப்பது நல்லது.

கையெழுத்துக்கு முன்பு

2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் தனித்து இயங்கும் சோலார் பம்புக்கு மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம் தருகின்றன. ஐந்து வருடப் பராமரிப்பும் பொருத்திய நிறுவனத்தின் பொறுப்பு. அந்த ஐந்து வருடத்துக்குள் வெளியாளைத் தொடவிட்டால் நிறுவனம் கை கழுவ வழி கிடைத்துவிடும். விவசாயியின் பங்கு முன்னாலேயே போய்விடுவதால், அவர் கையில் மிஞ்சும் பிடி வேலை முடிந்ததாகப் போடும் கையெழுத்துதான். அதற்கு முன் வேலை செய்த ஆளின் பெயர், சான்றிதழ் எண், ஊர் அலைபேசி எண் மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தப் பிரேக்கர் போட்டிருக்கிறார்கள் என்று படம் எடுத்து வையுங்கள். தயங்கினால் வேளாண் பொறியியல் துறை உதவிப் பொறியாளரிடம் சொல்லலாம்.

அந்த எலக்ட்ரீசியன் தம்பியை அன்று மாலையே பார்த்தேன். வெட்கப்பட்டார். சூர்யமித்ரா பற்றிச் சொன்னதும், "மூணு மாசம் வேலைக்குப் போகலைன்னா வீட்ட யாரு சார் பாப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்று தரும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற வழி மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அங்கே ஒரு டி.சி. வகுப்பு நடத்த முடியுமா என்று வேளாண் பொறியியல் துறையும் விரிவாக்க அலுவலர்களும் கேட்டுப் பார்க்க வேண்டும். கல்குளம் வட்டாரத்தில் இருந்து முதல் வகுப்புக்கு இருபது பேரை அனுப்ப அந்தத் தம்பி தயாராக இருக்கிறார்.