பின்னால் வருவோர் காணும் விளக்கு

காரோட்டும் ஒருவர் தம் வண்டியிலுள்ள கருவிகள் பலவற்றின் வேலையைத் தாமே காண்கின்றார். முகப்பு விளக்கை ஏற்றினால் சாலை தெரிகின்றது. துடைப்பானை இயக்கினால் கண்ணாடியில் வழியும் மழைநீர் விலகுகின்றது. ஒலிப்பானை அழுத்தினால் அதன் ஓசை அவர் காதிலும் விழுகின்றது. ஆனால், அவருக்குத் தன்னைக் காட்டாத விளக்கும் அவ்வண்டியில் உண்டு. அவர் பிரேக் மிதியை அழுத்தும்போது வண்டியின் பின்புறத்தில் சிவப்பாய்ச் சுடரும் விளக்கே அது. அதனை நிறுத்த விளக்கு என்பர். பேச்சு வழக்கில் பிரேக் லைட்டு என்பர். அஃது எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஓட்டுபவருக்கு வேற்றுமை தெரியாது. பின்னால் வருபவருக்கே தெரியும்.

இவ்விளக்குப் பரவுவதற்குமுன் வண்டியோட்டிகள் கையால் பேசினர். நிற்கப் போவதையும் திரும்பப் போவதையும் கையை வெளியே நீட்டிக் குறிப்பித்தனர். மிதிவண்டியில் செல்வோர் இன்றும் அவ்வாறு செய்யக் காண்கின்றோம். மோட்டார் வண்டிகளின் வேகம் மிகுந்தபோது கைக்குறிப்புப் போதவில்லை. இரவில் கை தெரிவதில்லை. திடீரென நிறுத்த வேண்டிய நேரத்தில் கையை நீட்டிக்கொண்டிருக்கவும் இயல்வதில்லை. ஆகவே, வண்டியை நிறுத்தும் காலே செய்தியையும் அறிவிக்குமாறு மிதியோடு ஒரு சுவிட்சை இணைத்தனர்.

என் நண்பர் ஒருவர் முப்பதாண்டுப் பழமையுடைய கார் ஒன்றை வாங்கினார். மின்கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதிலும் மீண்டும் பூட்டுவதிலும் அவருக்கு இளமை முதலே விருப்பம் மிகுதி. அவ்வண்டியின் பின்விளக்குகள் நிறம் வெளிறி, உள்ளே தூசி படிந்து கிடந்தன. கடையில் கிடைப்பதை வாங்கிப் பொருத்த அவர் மனம் ஒப்பவில்லை. வேறெந்த வண்டியிலும் இல்லாத வடிவில், தம் கையாலேயே ஒரு விளக்குச் செய்ய முனைந்தார். அவ்வேலையை நான் அருகிருந்து கண்டேன். அதில் நேர்ந்த பிழையொன்றின் பயனையும் நேரில் அனுபவித்தேன்.

முதலில் பழைய விளக்கை அவர் பிரித்துக் காட்டினார். அதனுள் இருந்தது ஒரே மின்குமிழ். ஆனால், குமிழுக்குள் இழைகள் இரண்டு. ஒன்று 5 வாட்டு. இரவு முழுதும் எரிந்து, ‘இங்கே ஒரு வண்டி இருக்கின்றது’ என்று அறிவிப்பது. மற்றொன்று 21 வாட்டு. மிதியை அழுத்தும்போது மட்டும் எரிந்து, ‘வேகம் குறைகின்றது’ என்று எச்சரிப்பது. குமிழின் உலோக அடியில் இரண்டு சிறு முளைகள் உள்ளன. அவை ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலேயும் மற்றொன்று சற்றுக் கீழேயும் உள்ளன. இது செய்தவரின் கவனக்குறைவு என்று எண்ணிவிடலாகாது. முளைகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால், குமிழைத் திருப்பி மாட்டிவிட இயலும். அப்போது நிறுத்த இழை இரவு முழுதும் எரியும். மிதியை அழுத்தினால் மங்கலான இழை எரியும். அப்பிழை நேராதிருக்கவே ஒரு முளையைத் தாழ்த்தி வைத்தனர். எத்தனை எளிய காவல்!

நண்பர் தம் விளக்கிற்கு மின்குமிழை விடுத்து, எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் இருமுனையங்களைத் தேர்ந்தெடுத்தார். சிவப்பொளி தரும் இருமுனையம் 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்னும் அறிஞரால் உருவாக்கப்பட்டது. அதில் இழை இல்லை. சூடேறி ஒளிர வேண்டிய தேவையும் இல்லை. மின்குமிழின் டங்ஸ்டன் இழையோ முதலில் சூடேற வேண்டும். பிறகே முழு ஒளி தரும். இதற்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகின்றது. இருமுனையத்திற்கு அத்தாமதம் இல்லை. 0.2 நொடி என்பது கண் இமைக்கும் நேரந்தானே என்று நாம் தள்ளிவிடலாம். ஆனால், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கின்றது, 0.2 நொடியில் 4 மீட்டர் கடக்கின்றது. அஃது ஏறக்குறைய ஒரு காரின் நீளம். பின்னால் வருபவர் அந்த நான்கு மீட்டர் முன்னதாகவே எச்சரிக்கை பெறுகின்றார்.

இருமுனையத்தை அப்படியே காரின் மின்கலத்தோடு இணைத்தல் கூடாது, நொடியில் கருகிவிடும். சிவப்பு இருமுனையம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டு மின்னழுத்தம் போதும். எஞ்சியதை ஏற்க ஒரு மின்தடையைத் தொடரில் சேர்க்க வேண்டும். நண்பர் முதலில் ஐந்து இருமுனையங்களை ஒரு வரிசையாகக் கோத்தார். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டு அளவில் இருக்கும். ஐந்துக்கும் சேர்த்து 10 போக, எஞ்சுவது 4 வோல்ட்டு; 200 ஓம் மின்தடை வைத்தால் 20 மில்லி ஆம்பியர் ஓடும். கணக்குச் சரியே. ஆனால், எல்லா விளக்குகளும் எரிய, எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தபோது மின்னழுத்தம் 12 வோல்ட்டாகக் குறைந்தது. அப்பொழுது மின்தடைக்கு எஞ்சியது 2 வோல்ட்டே, ஓடிய மின்னோட்டமும் பாதியாயிற்று, விளக்கு மங்கிற்று. பிறகு அவர் வரிசைக்கு மூன்றாகக் குறைத்து, 400 ஓம் மின்தடை வைத்தார். இப்போது 14 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டில் 15. கால் பங்கே குறைந்தது. மின்தடையில் வீணாகும் ஆற்றல் சற்று மிகுதிதான். எனினும், ஒளியின் நிலைபேற்றுக்காக அவ்விழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அத்தகைய எட்டு வரிசைகளை, 24 இருமுனையங்களை, ஒரு பலகையில் அமைத்தார். பலகை முழுதும் இழுத்த மின்னோட்டம் 0.16 ஆம்பியர், பழைய 21 வாட்டுக் குமிழ் இழுத்ததில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

புதிய கார்களில் இதுவும் ஒரு தொல்லையாகின்றது. குமிழ் கெட்டதா என்று கவனிக்கும் மின்னணு அமைப்பு, இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தைக் கண்டு, விளக்குக் கெட்டுவிட்டது என்று அறிவிக்கும். அதனை ஏமாற்றப் பலர் ஒரு மின்தடையை இணையாகச் சேர்க்கின்றனர். அது தொட இயலாத அளவு சுடும். ஞெகிழிப் பகுதியில் ஒட்டினால் அதனை உருக்கிவிடும். பழைய வண்டியாதலின் நண்பருக்கு இக்கவலை இல்லை.

அழகின்மீது அவர் கொண்ட ஆசையை இனிச் சொல்ல வேண்டும். கறுப்புத் தகட்டில் மயிற்பீலி வடிவில் துளைகள் வெட்டி, அதனைப் பலகையின் முன்னே பொருத்தினார். மாலையில் அது கண்ணைக் கவர்ந்தது. மறுநாள் நண்பகலில், வெயில் நேராக விழும் நிலையில், நான் பின்னால் நின்று பார்த்தேன். அவர் மிதியை அழுத்தினாரா விட்டாரா என்பது எனக்குத் தெரியவில்லை. துளைகள் ஒளியின் பெரும்பகுதியை மறைத்துவிட்டன. பக்கவாட்டில் நான்கடி நகர்ந்தால், இருந்த ஒளியும் மறைந்தது. அவ்வகை இருமுனையங்கள் நேரே மட்டும் குறுகலாக ஒளியை வீசுபவை. பழைய கண்ணாடியின் உட்புறத்தில் இருந்த சிறு சிறு வரிப்பள்ளங்கள் ஒளியை இருபுறமும் விரித்துக் கொடுத்தன என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். அதுவரை அவற்றை வெறும் அலங்காரம் என்றே எண்ணியிருந்தோம்!

பீலி போயிற்று. நண்பர் தகட்டை நீக்கிப் பழைய சிவப்புக் கண்ணாடியையே முன்னால் வைத்தார். பெரும்பிழை வேறிடத்தில் இருந்தது. இரவு விளக்குக்கும் நிறுத்த விளக்குக்கும் ஒரே பலகையைப் பயன்படுத்தினார் அவர். 5 வாட்டு, 21 வாட்டு என்ற எண்களைக் கண்டு, இரவு ஒளி நிறுத்த ஒளியில் நான்கில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்று கணக்கிட்டு, மின்னோட்டத்தை அவ்வளவாகக் குறைத்தார். ஆனால், வாட்டு என்பது உண்ணும் மின்னாற்றலின் அளவே. தரும் ஒளியின் அளவன்று. அக்குமிழின் 5 வாட்டு இழை தருவது 35 லூமென் ஒளி. 21 வாட்டு இழை தருவது 440 லூமென். ஆற்றலில் நான்கு மடங்கு. ஒளியிலோ பன்னிரண்டு மடங்குக்கு மேல். மேலும், ஒளி நான்கு மடங்கு பெருகினால், நம் கண்ணுக்கு அது நான்கு மடங்காகத் தோன்றுவதில்லை. அதனினும் மிகக் குறைவாகவே தோன்றுகின்றது.

ஓரிரவு நண்பர் தம் மகளோடு முன்னே சென்றார். அவருடைய தம்பி ஓட்டிய வண்டியில் நான் பின்னே சென்றேன். முன்னே இரு சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஒரு நாய் குறுக்கே ஓடவும் நண்பர் மிதியை அழுத்தினார். விளக்குகள் சிறிது பெருகின. ஆயினும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்றும் இல்லாத இருளில் அஃது எங்களுக்குப் புலப்படவில்லை. வண்டி பெரிதாகி வருவதைக் கண்ட பிறகே தம்பி அழுத்தினார். எங்கள் வண்டி நின்றபோது இடையில் இருந்தது ஒரு முழம். நண்பர் இறங்கி வந்து, “ஏன் இவ்வளவு நெருங்கினாய், தம்பி?” என்றார். “நீங்கள் நிறுத்தியது தெரியவே இல்லை, அண்ணா” என்றார் அவர். பின்னிருக்கையில் சிறுமி உறங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே நண்பர் தம் பலகைகளைக் கழற்றினார். அவ்வண்டிக்கென ஆக்கப்பட்ட புதிய விளக்குகளை வாங்கி, இரு மூலைகளிலும் பொருத்தினார். அத்தகைய விளக்குகள், குமிழும் கண்ணாடியும் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு ஏற்கப்படுபவை. உள்ளே உள்ளதை மாற்றினால் அச்சோதனை பயனற்றதாகிவிடும். நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டமும் வண்டியை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றது.

ஆயினும், 24 இருமுனையங்களை வீணாக்க அவருக்கு மனமில்லை. அப்போது அவர் கண்ணில் பட்டது மூன்றாம் விளக்கின் வரலாறு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் ஜான் வோயெவோட்ஸ்கி என்னும் உளவியலறிஞர், வாடகைக் கார்கள் 343இல் வேகக் குறைவை அறிவிக்கும் தனி விளக்கொன்றைப் பின்புறத்தின் நடுவே பொருத்திச் சோதித்தார். 1974ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவின்படி, அவ்வண்டிகளில் பின்மோதல்கள் 60.6 விழுக்காடு குறைந்தன. 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் அந்நாட்டில் பின்புறத்தின் நடுவே உயரத்தில் மூன்றாம் நிறுத்த விளக்குக் கட்டாயமாயிற்று. ஆனால், எல்லாக் கார்களிலும் அது வந்து மக்கள் கண்ணுக்குப் பழகிய பின், பயன் 4.3 விழுக்காட்டளவில் நிலைத்தது என்று அரசின் ஆய்வு கண்டது. புதுமை ஈர்க்கும் கவனம் வேறு. நிலைத்து நிற்கும் பயன் வேறு. மின்னி மின்னி எரியும் நிறுத்த விளக்கைச் சிலர் விரும்பிப் பொருத்துவதைக் காணும்போதெல்லாம் எனக்கு இவ்வெண்களே நினைவுக்கு வருகின்றன. எனினும், 4.3 விழுக்காடு சிறிதன்று. நாடு முழுவதும் ஓடும் வண்டிகளை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

மூன்றாம் விளக்கின் சிறப்பு உயரத்தில் மட்டும் இல்லை. அஃது இரவு விளக்காக எரிவதில்லை; மிதியை அழுத்தினால் மட்டுமே எரிகின்றது. ஆகவே, அதன் ஒளியைப் பிறிதொன்றாக மயங்க வழியில்லை. நண்பர் தம் பலகையைப் பின்கண்ணாடியின் உட்புறத்தில் நடுவே அமைத்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த கருந்தாளை உரித்தார். ஒளி உள்ளே திரும்பித் தம் காட்சிக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யாதபடி, பலகையைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் விளிம்பு வைத்துக் கண்ணாடியோடு நெருக்கினார். ஒளியை விரிக்கும் வரிப்பள்ளமுள்ள சிவப்புத் தகட்டை முன்னால் பொருத்தினார். மோட்டார் வண்டி ஆய்வாளரிடம் காட்டி இசைவும் பெற்றார். மயிற்பீலியின் நினைவாக, ரப்பர் விளிம்பின் இரு முனைகளிலும் சிறு வளைவு மட்டும் எஞ்சியது.

வெயில் கடுமையாக இருந்த ஒரு நண்பகலில் இறுதிச் சோதனை நடந்தது. நண்பர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அவர் மகள் நூறு அடி பின்னால் சென்று நின்றாள். அவள் தந்தையின் காலைக் காண இயலாது. விளக்கை மட்டுமே காண இயலும். விளக்கு எரியும்போதெல்லாம் அவள் கையை உயர்த்த வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் பத்து முறை, விட்டு விட்டு, ஒழுங்கின்றி மிதியை அழுத்தினார். நான் நடுவில் நின்று எண்ணினேன். பத்து முறையும் அவள் கை உயர்ந்தது. பிறகு அவள் இடப்புறம் நகர்ந்து நின்று, “அப்பா, இன்னொரு முறை!” என்று கூவினாள்.