வேலியோரப் பூக்கள்: மண்ணுக்குரியது எது, மண்ணைப் பிடிப்பது எது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களுக்குள் தமிழகக் கிராமங்களில் வீட்டுக் கொல்லை, கிணற்றடி, வேலியோரம், வரப்பு என யாரும் விதைக்காத இடங்களிலெல்லாம் செடிகள் முளைத்துப் பூத்துவிடுகின்றன. ஒரு நிலப்பகுதியில் மனிதத் துணையின்றித் தோன்றி வளரும் இனம் இயல்தாவரம் எனவும், பிற நாட்டிலிருந்து மனிதரால் வந்து சேர்ந்தது அயல்தாவரம் எனவும், அயல்தாவரங்களுள் தானே பெருகிப் பிற உயிர்களுக்குக் கேடு செய்வது ஆக்கிரமிப்புத் தாவரம் எனவும் வழங்கப்படுகின்றன. ஆகவே ஒரு செடியைக் குறித்து எழ வேண்டிய கேள்விகள் இரண்டு: அது எங்கிருந்து வந்தது, இங்கே என்ன செய்கிறது? முதல் கேள்விக்குக் கிடைக்கும் விடை இரண்டாவதற்கும் பொருந்திவிடும் என்று கொள்வதற்கில்லை.

மூன்று வெள்ளைப் பூக்கள்

கொல்லையில் அடுத்தடுத்து வளரக்கூடிய மூன்று வெள்ளைப் பூச்செடிகளே இதற்குப் போதிய சான்றாகும். முதலாவது தும்பை. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் தண்டு நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் எதிரெதிராக அமையும். கணுக்களைச் சுற்றி நெருங்கிப் பூக்கும் ஒவ்வொரு பூவும் ஈருதடு கொண்டது. மேலுதடு மென்மயிர் போர்த்த சிறு முக்காடாகக் கவிந்திருக்க, அதைவிடப் பெரிய கீழுதடு தேனீ வந்தமரும் மேடையாக நீண்டிருக்கும். தும்பை இம்மண்ணின் இயல்தாவரம்.

இரண்டாவது, கிணற்றடிப்பூண்டு என்றும் வெட்டுக்காயப்பூண்டு என்றும் அழைக்கப்படும் செடி. இது சூரியகாந்திக் குடும்பத்தது. அக்குடும்பத்தில் ஒரு பூவாகத் தோன்றுவது உண்மையில் பல சிறுமலர்கள் ஒரே தட்டில் திரண்ட பூங்கொத்து; தாவரவியலார் அதனைச் சிரமஞ்சரி என்பர். கிணற்றடிப்பூண்டில் ஒரு சாண் வரை நீளும் மெல்லிய காம்பின் உச்சியில், நடுவே மஞ்சள் சிறுமலர்களும் விளிம்பில் நுனி மூன்றாகப் பிளந்த வெளிர்நிறச் சிறுமலர்கள் ஐந்தாறும் காணப்படும். காயத்துக்கு இதன் இலையைக் கசக்கிப் பிழியும் வழக்கம் தமிழகமெங்கும் வேரூன்றியிருப்பினும் இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்காவே. நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்றிருப்பது ஒரு செடியின் பூர்வீகத்துக்குச் சான்றாகாது என்பதற்கு, மெக்சிகோவிலிருந்து வந்து பிரம்மதண்டு எனப் பெயர்பெற்ற மஞ்சள் பூ முட்செடியும் எடுத்துக்காட்டு. கடுகை ஒத்த அதன் விதை கடுகெண்ணெயில் கலந்ததால் 1998இல் தில்லியில் பலர் உடல் வீங்கும் நோய்க்கு ஆளாகி உயிரிழந்தனர்.

மூன்றாவது பார்த்தீனியம். கேரட் இலைபோல ஆழமாகப் பிளவுபட்ட இலைகளும், வரியோடிய தண்டும், உச்சியில் பல கிளைகளில் இறைந்த வெண்ணிறப் பூக்களும் இதன் அடையாளங்கள். மிளகளவே உள்ள ஒரு பூவைக் கையில் தொடாமல் குனிந்து நோக்கினால், விளிம்பில் மிகச் சிறிய ஐந்து கதிர்ச் சிறுமலர்கள் நிற்பதால் அது ஐந்து மூலை கொண்டதாகத் தெரியும். பூக்கும் முன் இதனை மாசிபத்திரியோடு மயங்குவோர் உண்டு. மாசிபத்திரியின் இலை அடிப்புறம் சாம்பல் வெண்மையாகவும் நறுமணம் மிக்கதாகவும் இருப்பதே வேறுபாடு. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த பார்த்தீனியம் 1955இல் புனேயில் பரவிவரக் காணப்பட்டு, பின்னர் நாடு முழுவதையும் பற்றிக்கொண்டது. ஒரு செடி 15,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. அதிலுள்ள பார்த்தெனின் என்னும் வேதிப்பொருள் அருகிலுள்ள செடிகளின் முளைப்பைத் தடுப்பதோடு மனிதர்க்குத் தோல் அழற்சியையும் உண்டாக்குகிறது.

அழகுக்காக வந்தவை

ஆக்கிரமிப்புத் தாவரங்களுள் சில தற்செயலாக நுழைந்தவை அல்ல, விரும்பி நடப்பட்டவை. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் பல வீடுகளில் வளர்க்கப்படும் படர்கொடி பெரும்பாலும் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வெடேலியாவாகும். உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை குறுகி நீண்டு, மடலின்றி இருக்கும். வெடேலியாவின் இலை தடித்துப் பளபளப்பாக, பெரும்பாலும் இருபுறமும் ஒவ்வொரு மடல் பிரிந்து மும்மடலாகத் தோன்றும். கணுதோறும் வேர்விடும் வெடேலியாவின் துண்டொன்று வாய்க்காலில் விழுந்தாலும் கரையெங்கும் படர்ந்துவிடும். கீரையென எண்ணி உண்பவர்க்கு இவ்வேறுபாட்டை அறிவது இன்னும் இன்றியமையாதது.

உண்ணிச்செடியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்ததே. இதன் ஒரே கொத்தில் உட்புறப் பூக்கள் மஞ்சளாகவும் வெளிப்புறப் பூக்கள் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பதற்குக் காரணம், புதிதாக மலர்ந்த பூ முதிர முதிர நிறம் மாறுவதாகும். பறவைகள் பழத்தைத் தின்று விதைகளைப் பரப்புவதால் வேலியில் நின்ற செடி முதுமலை, சத்தியமங்கலம் போன்ற காடுகளின் அடித்தளம் வரை சென்றுவிட்டது. இதன் இலையை மேயும் ஆடுமாடுகளுக்குக் கல்லீரல் பழுதடைகிறது.

அடையாளம் கண்டபின்

பூவின் நிறத்தை மட்டும் கொண்டு செடியை முடிவு செய்வது தவறாக முடியும். தண்டின் வடிவம், இலை அமைந்த முறை, விளிம்பு, மணம், பூங்கொத்தின் கட்டமைப்பு ஆகியவற்றை ஒருங்கே நோக்கிய பின்னரே களையெடுப்பில் இறங்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக உள்ளபோது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குதல் வேண்டும். விதை பிடித்த செடியை எருக்குழியில் இடலாகாது. உண்ணிச்செடியைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்குமாதலால், மண்ணுக்குக் கீழே தண்டும் வேரும் கூடும் பகுதியோடு வெட்டியெடுக்க வேண்டும். வெடேலியாவைத் துண்டு சிதறாமல் சுருட்டியெடுத்து உலர்த்தி அழிக்கலாம். கிணற்றடிப்பூண்டு அயலதாயினும் கொல்லையில் பெருங்கேடு செய்வதில்லை. ஆகவே முதல் உழைப்பு அதன்மேல் செலவாக வேண்டியதில்லை.

பார்த்தீனியம் முதலில் பற்றுவது கிளறப்பட்ட வெற்று மண்ணையே என்பதால், பிடுங்கிய இடம் வெறுமையாக விடப்பட்டால் அடுத்த மழைக்கு அதே செடி மீண்டும் எழும். அவ்விடத்தில் ஆவாரை, கொழிஞ்சி, செம்முள்ளி போன்ற இயல்தாவரங்களை விதைப்பதும் தும்பையைத் தானே பரவ விடுவதும் களையெடுப்பின் பிற்பகுதியாகும். அப்பகுதி நிறைவேறாதவரை பிடுங்கிய உழைப்பு ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியதாகவே இருக்கும்.