கூடையின் அடியில் தங்கிய கறுப்புக் கல்

மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம், அலை அடித்து ஓய்ந்த மணலில் சில நாட்களில் கருங்கோடுகள் தெரியும். இலேசான வெண்மணலைக் கடல் இழுத்துப்போக, பாரமானவை ஒதுங்கிவிடும். பெரும்பாலும் இல்மனைற்று என்ற கனிமம். வடக்கே புல்மோட்டையில் இதைத்தான் அள்ளி ஏற்றுமதி செய்கிறார்கள்.

பாரமான மணல் என்றதும் சிலருக்குப் பிளாற்றின ஆசை வந்துவிடும். வீண் ஆசை. அந்த உலோகக் குடும்பம் மக்னீசியமும் இரும்பும் மிகுந்த, குரோமைற்று செறிந்த பாறைகளை நாடுவது; நமக்குப் பின்னால் கிடப்பதோ நைஸ் பாறை. தமிழ்நாட்டில் அதற்குப் பேசப்படும் இடம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. அங்கும் வெறுங்கண்ணுக்கு எதுவும் அகப்படாது, நுணுக்குக்காட்டி வேண்டும்.

ஆனால் பாரத்தால் பிடிபட்ட அரிய கனிமம் ஒன்று இலங்கையிலேயே உண்டு.

அதைக் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. அவரைக் கலை அறிஞராகவே நாம் கொண்டாடுகிறோம். சேர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர் இலண்டனில் படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும். 1903இல் இலங்கைக் கனிமவள அளவையின் முதல் பணிப்பாளரானார். அடுத்த ஆண்டு, பலாங்கொடைப் பக்கம் பம்பரபொட்டுவவில் இரத்தினக்கல் அரித்தபோது சின்னஞ்சிறு கறுப்புக் கனசதுரங்கள் கூடையின் அடியில் தங்கின. நீரைவிட ஒன்பது மடங்குக்கு மேல் பாரம். இல்மனைற்று ஐந்து மடங்குகூட வராது.

யுரேனியக் கனிமமான யுரேனினைற்று என்று நினைத்தார் குமாரசுவாமி. நினைக்காமல் என்ன செய்வது? நிறம், பாரம், பளிங்கு வடிவம் எல்லாமே அதைப் போலத்தான். இலண்டன் இம்பீரியல் நிறுவனத்தில் விண்டம் டன்ஸ்ரன் பகுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் தோரியம் ஒட்சைட்டு! புதிய கனிமம் என்று முடிவாகி, தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள். அந்த நாளில் தோரியத்துக்கு நல்ல கிராக்கி. நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெற்றோமக்ஸ் விளக்கின் மென்றில் பளிச்சென்று வெளிச்சம் தந்ததும் தோரியத்தால்தான்.

கதை விலையோடு முடியவில்லை. 1904இல் இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு வந்த ஒட்டோ ஹான் என்ற ஜேர்மன் இளைஞர், இந்த இலங்கைக் கல்லிலிருந்து எடுத்த உப்பில் ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தார். வேதித் தொழிற்சாலை வேலைக்குப் போக இருந்தவர் கதிரியக்கத்தின் பக்கம் திரும்பினார். 1938இல் அணுப்பிளவைக் கண்டார். குமாரசுவாமியோ 1906இல் கற்களை விட்டார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் வெளிவந்தது.

தோரியனைற்று இன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் கல். கிடைத்த ஊர்ப்பெயர் எழுதிய சீட்டு இல்லாவிட்டால் அதற்கு மதிப்புப் பாதிதான். விலைகொடுத்து வாங்கியவர்களும் அதை வரவேற்பறை அலுமாரியில் வைப்பதில்லை: கதிர் வீசுவதோடு, மூச்சில் போகக்கூடாத கதிரியக்க வாயுவையும் அது விடுகிறது.