பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, பந்து எங்கே?

தென்னாப்பிரிக்காவின் செஸ்லின் கோல்பி ஐந்தடி ஏழு அங்குலத்தைச் சற்றே தாண்டுவார். ரக்பிக்கு இந்த உடம்பு போதாது என்ற பேச்சு சொந்த நாட்டில் அவரை விடாமல் துரத்தியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பிரிவில் வெண்கலம் வென்ற பிறகும், பதினைந்து பேர் ஆடும் தேசிய அணியில் அவருக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. 2017-இல் பிரான்சின் துலூஸ் கிளப்புக்குப் போனார். அங்கு ஆடிய ஆட்டம்தான் அடுத்த ஆண்டே அவரைத் தேசிய அணியில் சேர்த்தது. 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து அணித் தலைவர் ஓவன் ஃபாரெலை ஏமாற்றிவிட்டு ஓடிப்போய், பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து ட்ரை அடித்தார். பிறகு துலோன் கிளப், அதன்பின் டோக்கியோவின் சன்டோரி கிளப். 2023 உலகக் கோப்பைக் காலிறுதியில், ட்ரைக்குப் பின் வரும் உதையைப் பிரான்சின் தோமா ராமோஸ் உதைக்க அடியெடுத்து வைத்த கணத்தில் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து அந்த உதையைத் தடுத்தவரும் இவரே. உதை உள்ளே போயிருந்தால் இரண்டு புள்ளி. பிரான்ஸ் தோற்றது 28-29 என ஒரே புள்ளியில். ராமோஸும் கோல்பியும் துலூஸில் பல பருவங்கள் ஒன்றாக ஆடியவர்கள். எதிராளியின் பழக்கத்தை அருகிலிருந்து அறிவது: நாடு விட்டு நாடு போய் ஆடுகிறவனுக்குக் கிடைக்கும் கல்வி இதுதான் என்பேன்.

இந்தக் கதை புதுச்சேரிக்கு எதற்கு? பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த 1956 ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். தொழில்முறை ரக்பிக்குப் பணமும் மரியாதையும் உள்ள நாடு பிரான்ஸ். அங்கு வேலை பார்க்க நம் இளைஞரில் பலருக்கு விசா தேவையில்லை. ஆனாலும் சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) வீடுகளிலிருந்து அந்த ராணுவத்துக்குப் போன பாதை இருக்கிறதே தவிர, ரக்பி கிளப்புக்குப் போகும் பாதை உருவாகவில்லை. காரணம், ரக்பி கிளப் கேட்பது கடவுச்சீட்டை அல்ல, பயிற்சியை. பிரான்சின் முதல்நிலைத் தொடரான டாப் 14-இல், களமிறக்கும் 23 பேரில் சராசரியாக 16 பேர் பிரெஞ்சுப் பயிற்சி முறையில் வளர்ந்தவர்களாக இருக்கவேண்டும். இளவயதில் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் மூன்று பருவமோ, பிரெஞ்சு ரக்பி சம்மேளனத்தில் பதிவு பெற்று ஐந்து பருவமோ கழித்திருந்தால்தான் ஒருவர் அந்தக் கணக்கில் வருவார். குடியுரிமை எந்த நாடு என்பது இந்த விதிக்குப் பொருட்டே அல்ல. ஃபிஜியில் பிறந்த அலிவெரெட்டி ராகா, கிளெர்மோன் கிளப் ஃபிஜியில் நடத்திய பயிற்சிக் கூடம் வழியாக வந்து, 2019-இல் பிரான்சுக்காகவே ஆடினார். வளர்ந்து முடிந்த கோல்பியை விலை கொடுத்து வாங்குவார்கள், பதின்வயது ராகாவை வளர்த்தெடுப்பார்கள். இரண்டும் இல்லாமல் இருபத்தைந்து வயதில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு போய் நிற்பவனை யார் கூப்பிடுவார்கள்?

உடம்பு ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். கோல்பி மட்டுமல்ல, ஜப்பானின் ஃபுமியாகி டனாகாவும் இதற்குப் பதில். ஐந்தடி ஐந்தரை அங்குலம்கூட எட்டாத அவர், 2013-இல் நியூசிலாந்தின் ஹைலேண்டர்ஸ் அணியில் சேர்ந்து, சூப்பர் ரக்பி ஆடிய முதல் ஜப்பானியர் ஆனார். எல்லா இடத்துக்கும் சிறிய உடம்பு பொருந்தாது என்பது உண்மை. இரு அணியும் தோளோடு தோள் தள்ளும் ஸ்க்ரம்மின் முன்வரிசைக்குக் கனம் வேண்டும். ஓரத்தில் ஓடுபவனுக்கு வேண்டியது, கபடியில் ரெய்டு போகிறவனைப் போல எதிராளியின் இடுப்பைப் பார்த்துத் திசை மாறும் கால். அது நம் பிள்ளைகளிடம் உண்டு.

பிள்ளைகளை வளர்த்து பிரான்சுக்கு அனுப்பினால் இந்தியாவுக்கு என்ன லாபம் என்பது இன்னும் கனமான கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்காக ஆட முடியாது என்பது அரசின் கொள்கை. ஆகவே இந்த இழப்பு மெய்யானது. ஆனால் புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் பந்து உருண்டால் பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளை மட்டும் ஆடப்போவதில்லை, பக்கத்துத் தெருவின் மீனவர் பிள்ளையும் ஆடும். அந்தப் பிள்ளைக்கும் இன்று இடம் இருக்கிறது: 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில், அயல்நாட்டு நட்சத்திரங்களோடு இந்திய வீரர்களும் சம்பளம் வாங்கி ஆடினார்கள். கோப்பையை வென்றது சென்னை புல்ஸ்.

உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இருக்கிறது. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளி நகரில் இருக்கிறது. இரண்டையும் நடத்துபவர்கள் பிரெஞ்சு துணைத் தூதரகத்தோடு உட்கார்ந்து பேசி, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், வாரத்தில் இரண்டு மாலை ரக்பி பயிற்சிக்கு ஏற்பாடு செய்யவேண்டும். பதினேழு வயதில் தொடங்கினால் பிரான்சின் கணக்குக்குக் காலம் போதாமல் போகலாம்.