பெயர் மாறினால் மருந்து மாறுமா?

நெல்லில் புகையான் தெரிந்ததும் ஒரு மருந்து அடிக்கிறோம். கேட்கவில்லை. பத்து நாள் கழித்து கடையில் "வேற ஏதாவது புதுசா கொடுங்க" என்று வேறு கம்பெனியின் டப்பாவை வாங்கி அடிக்கிறோம். அதுவும் கேட்கவில்லை. இரண்டு டப்பாவிலும் இருந்தது ஒரே குடும்பத்து ரசாயனமாக இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

டப்பாவில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், சதவீதத்தோடு இருப்பதுதான் ரசாயனத்தின் பெயர். பார்க்க வேண்டியது அதைத்தான். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், டைனோட்டிபியூரான் மூன்றும் வெவ்வேறு பெயர்கள். ஆனால் மூன்றும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. ஒன்றுக்குத் தப்பிப் பிழைத்த பூச்சியின் வாரிசுகள் மற்றதையும் தாங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். இமிடாகுளோபிரிட்டுக்குப் புகையான் பழகிவிட்டது, ஆசிய நெல் நாடுகள் பலவற்றில் 20 ஆண்டுகளாகவே தெரிந்த செய்தி.

பூச்சி மருந்துகளை அவை தாக்கும் இடத்தைக் கொண்டு பிரித்து, உலக அளவில் எண் கொடுத்திருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்றும் 4ஏ. குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ் போன்றவை 1பி. சைபர்மெத்ரின், லாம்டா சைகலோத்ரின் 3ஏ. குளோரான்ட்ரானிலிப்ரோல் 28. எல்லா டப்பாவிலும் இந்த எண் இருக்காது. பெயரின் வாலைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்: 'பாஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் ஆர்கனோ பாஸ்பரஸ், 'த்ரின்' என்றால் பைரித்திராய்டு, 'மெக்டின்' என்றால் அபாமெக்டின் குடும்பம். தயாமீத்தாக்சம் போல வாலில் பிடிபடாதவையும் உண்டு. சந்தேகம் இருந்தால் டப்பாவைப் படம் எடுத்து உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.

கலவை மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். தயாமீத்தாக்சமும் லாம்டா சைகலோத்ரினும் சேர்ந்த மருந்து, முன்பு அடித்த 4ஏ பிரிவையே மறுபடி வயலுக்குள் கொண்டு வருகிறது. போதாக்குறைக்கு, நெல்லில் பைரித்திராய்டு அடித்தால் சிலந்தி முதலான நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து, புகையான் முன்பைவிட அதிகமாகப் பெருகும்.

அப்படியானால் மாற்றி எதை அடிப்பது? புப்ரோபெசின் (பிரிவு 16) இளம் பூச்சிகள் தோலுரிப்பதைத் தடுக்கிறது. வளர்ந்த பூச்சியைக் கொல்லாது, பலன் தெரியவும் சில நாட்களாகும். பைமெட்ரோசின் (பிரிவு 9பி) பூச்சி சாறு உறிஞ்சுவதை நிறுத்திவிடும். மறுநாள் வயலில் பூச்சி உயிரோடுதான் நிற்கும், பட்டினியில் பிறகு சாகும். இது தெரியாமல் "மருந்து போலி" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் முன், அடிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தண்ணீரை வடித்துவிட்டு, தூரின் அடிப்பகுதியில் படும்படி தெளிக்க வேண்டும். இலை மேல் தெளித்தால் எந்தப் பிரிவு மருந்தானாலும் வீண்தான்.

டப்பாவில் உள்ள நிற முக்கோணத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசை மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைச் சொல்கிறது. சிவப்பு என்றால் பூச்சி சீக்கிரம் சாகும் என்று கேட்டு வாங்குவது, நம் உயிரைப் பணயம் வைப்பது. தெளிக்கும்போது மயக்கமோ வாந்தியோ வந்தால், டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆர்கனோ பாஸ்பரஸ் நஞ்சுக்கு அட்ரோபின் என்ற முறிமருந்து உண்டு. பைரித்திராய்டுக்கு அப்படித் தனி முறிமருந்து கிடையாது. எந்தக் குடும்பம் என்று தெரிந்தால்தான் மருத்துவர் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்க முடியும்.